பட்டியலில் பெயர், தொழுவத்தில் மாடு

1980 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் (ஐ.ஆர்.டி.பி.) நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் பரவியபோது அதனுடன் ஓர் எண்ணும் வந்தது: வட்டாரத்துக்கு ஆண்டுக்கு 600 குடும்பங்கள். ராஜஸ்தானின் மணற்காட்டு வட்டாரத்துக்கும் 600, காவிரித் தண்ணீர் பாயும் ஒன்றியத்துக்கும் 600. ஐந்து ஆண்டுகளில் 3,000. நாடு முழுக்க ஒன்றரைக் கோடி. எண் டெல்லியில் முதலில் முடிவாயிற்று. அந்த எண்ணுக்கான ஆட்களைப் பிறகு தேடினார்கள். மார்ச் மாதக் கணக்கு முடிவதற்குள் இலக்கை எட்டியாக வேண்டும் என்பதால், நிதியாண்டின் கடைசி வாரங்களில் வட்டார வளர்ச்சி அலுவலகங்களில் பட்டியல்கள் அவசர அவசரமாக நிரம்பின. நம் கிராமங்களில் அந்தத் திட்டத்தை ‘மாட்டு லோன்’ என்றே இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இல்லாத குடும்பத்துக்கு அரிசியோ பணமோ கொடுத்து நிறுத்திக்கொள்ளாமல், சம்பாதிக்க ஒரு வழியும் செய்து தர வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்த எண்ணம். அதை எவரும் பழிக்க முடியாது. யாருக்குத் தருவது, அவருக்கு என்ன கற்றுத் தருவது என்ற இரண்டு கேள்விகளில்தான் அந்த எண்ணம் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்திருக்கிறது. கடந்த ஒன்றரை நூற்றாண்டைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஏழையை நாம் விடாமல் சோதித்திருக்கிறோம். அவள் உண்மையில் ஏழைதானா, உழைப்பாளா, ஏமாற்றுவாளா, கடனைக் கட்டுவாளா, ஊக்கம் உள்ளவளா என்று கேட்டு அலுக்கவில்லை. அவள் கையில் கொடுத்த தொழில் அந்த ஊரில் நிற்குமா, அவளுடைய ஒரு நாள் பொழுதுக்குள் அது அடங்குமா என்று சோதிக்க அதில் கால்பங்கு அக்கறைகூடக் காட்டியதில்லை.

சோதிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே தடயம் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லும் 1876-78 பஞ்சத்தின்போது, வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு 1877-ன் தொடக்கத்தில் வந்தார் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு அன்றாடம் ஒரு பவுண்டு தானியமும் மேலே கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியை வெட்டினார். அதுவரை ஒன்றரைப் பவுண்டு. இந்தக் கூலியில் மண் சுமப்பவர் உயிர் தரிக்க முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். நிவாரண முகாம்களை ஊருக்குத் தொலைவில் போடு, வேலையைக் கடினமாக்கு, அதற்கும் இணங்கி வருகிறவனே மெய்யாகப் பசித்தவன் என்பதுதான் அன்றைய தர்க்கம். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பசித்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டது. தென்னிந்தியாவில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. உழைப்பையே சோதனையாக வைக்கும் முறை 1880-ன் பஞ்ச ஆணையம் வழியாகப் பஞ்ச விதிகளில் ஏறி, அரசு அலுவலகங்களின் இயல்பாகிப் போனது. உதவி கேட்டு வருபவர் மீது முதலில் சந்தேகம், பிறகு இரக்கம் என்ற வரிசை அங்கேதான் உறுதிப்பட்டது.

வேறு வரிசையும் இங்கே இருந்ததுண்டு. 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது அது மழை பொய்த்துப்போகும் பூமி. ஆசிரமம் பஞ்சைக் கொடுத்தது, நூலை வாங்கிக்கொண்டது, கூலியைக் கையில் தந்தது. யார் ஏழை என்று பட்டியல் போட வேண்டிய தேவை அங்கு எழவில்லை. வயலில் வேலை கிடைக்கிறவள் ராட்டைக்கு வர மாட்டாள்; வேறு வழி இல்லாதவள் வருவாள். வீட்டு வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவே உட்கார்ந்து நூற்கலாம், எந்தப் பெண்ணும் பத்து மைல் போய்க் கல்லுடைக்க வேண்டியதில்லை. கூலி குறைவுதான், அதை மறைக்க வேண்டாம். 1935-ல் நூற்பவர்களுக்கு வாழப் போதிய கூலி கொடுத்தாக வேண்டும் என்று காந்தி வற்புறுத்தியபோது, கதர் விலை ஏறிவிடும் என்று கதர்த் தொண்டர்களே அஞ்சினார்கள். ஆனாலும் பஞ்சு வரும் வழி, நூல் போகும் வழி, விற்பனை எல்லாவற்றையும் ஆசிரமமே தோளில் சுமந்தது. நூற்பவள் கையில் ராட்டையை மட்டும் கொடுத்துவிட்டு, இனி உன் சாமர்த்தியம் என்று அது விலகிக்கொள்ளவில்லை.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். தேனீப் பெட்டி, நல்ல இனக் கோழி, முட்டை விற்பனை என்று சிறு சிறு தொழில்கள். அந்த மையம் நூறு ஆண்டு கழித்தும் நினைக்கப்படுவதற்குத் தேன்தான் காரணம். மார்த்தாண்டத்துத் தேன் இன்றும் ஒரு வட்டாரத்தின் பிழைப்பு. ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைக்கிறார்கள், பூக்கும் பருவம் பார்த்துப் பெட்டிகளை இடம் மாற்றுகிறார்கள், தேனைச் சேர்த்து விற்கக் கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. பயிற்சி அங்கே வகுப்பறையோடு முடியவில்லை. பக்கத்து வீட்டு வேலியோரத்தில் பெட்டி இருந்தது. எப்போது கூடு பிரியும், எந்த மாதம் தீனி இல்லாமல் தேனீ ஓடிப்போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள மனிதர் இருந்தார். அங்கே அன்று கற்றவரே அடுத்தவருக்கு ஆசிரியர் ஆனார்.

சுதந்திரத்துக்குப் பின் முப்பதாண்டு காலம் சமுதாய வளர்ச்சி, பசுமைப் புரட்சி என்று கிராமத்தை மொத்தமாகப் பார்த்த அரசு, 1970-களின் இறுதியில்தான் தனித்தனிக் குடும்பங்களைத் தேடத் தொடங்கியது. 1977-ல் ராஜஸ்தானில் பைரோன் சிங் ஷெகாவத் அரசு கொண்டுவந்த அந்த்யோதயா திட்டம் எளிமையானது. ஒவ்வொரு கிராமத்திலும் மிக ஏழையான ஐந்து குடும்பங்களைக் கிராம சபை கூடி அடையாளம் காட்ட வேண்டும். ஐந்து என்ற எண்ணில் ஒரு நேர்மை இருந்தது. ஐந்து பேரை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்; ஆறாவதாக ஒரு வசதிக்காரரை நுழைப்பது கடினம். அதே கருத்து 600 என்று பெருகி ஐ.ஆர்.டி.பி. ஆனபோது கிராம சபையின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. ஆண்டு வருமானம் 3,500 ரூபாய்க்குக் கீழ் என்றால் ஏழை என்றது ஆறாவது திட்டக் காலத்துக் கணக்கு. கூலிக்காரரின் ஆண்டு வருமானத்தை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? கிராம சேவக் என்ற அரசு ஊழியர் கேட்டார், கூலிக்காரர் ஒரு தொகை சொன்னார், எழுதிக்கொண்டார்கள். 1980-களின் நடுவில் ரிசர்வ் வங்கியும் நபார்டும் திட்டக் குழுவின் மதிப்பீட்டு அமைப்பும் ஆய்வு செய்தபோது தகுதி இல்லாதவர்கள் கணிசமாகச் சேர்ந்திருந்தது தெரிந்தது. அதைவிடக் கவலை தரும் உண்மை, மிக ஏழைகள் பலர் பட்டியலுக்கே வராமல் போனது. மானியம் போக மீதி வங்கிக் கடன். கடன் திரும்ப வருமா என்று பார்க்கும் மேலாளர், திருப்பிக் கட்டக் கூடியவரையே விரும்புவார். அது அவருடைய வேலை. ஏழையிலும் ஏழையைத் தேடும் திட்டத்தின் சாவியைக் கடன் திரும்புவதையே கவனிக்க வேண்டியவரிடம் கொடுத்தது திட்டத்தின் பிழை.

சரியான ஆளே தேர்வானார் என்று வைத்துக்கொள்வோம். நிலமில்லாத ஒரு விதவை. சிறு விவசாயிக்குக் கால்பங்கு, குறுவிவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்குப் பாதி என்பது மானிய விகிதம். அவளுக்கு மூன்றில் ஒரு பங்கு மானியத்தில் கறவை மாடு. சந்தைக்கு வங்கி அலுவலரும் கால்நடை மருத்துவரும் ஒன்றிய அலுவலரும் அவளும் போக வேண்டும். தரகர் எப்போதும் அங்கே இருந்தார். ஒரே மாடு நாலு பேருடைய கடனுக்கு மாறி மாறி நின்ற கதைகள் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தன. மாடு உண்மையாகவே வீட்டுக்கு வந்தாலும் மறுநாள் காலையில் தொடங்குகிறது கணக்கு. பச்சைப் புல்லுக்கு யாருடைய வரப்பு? வரப்புக்காரர் அவளை வேலைக்குக் கூப்பிடும் மிராசுதார். மாட்டுக்குப் புல் அறுத்தால் அவர் வயலுக்குக் குறைந்த கூலிக்குப் போக வேண்டும். புண்ணாக்கும் தவிடும் கடனுக்கு. பால் சங்கம் ஊரில் இல்லையென்றால் டீக்கடைக்காரர் சொன்னதே விலை. ஏழெட்டு மாதத்தில் மாடு பால் மறந்துவிடும். அடுத்த கன்று ஈனும்வரை தீனி மட்டும் உண்டு, வரவு இல்லை, வங்கித் தவணை நிற்பதில்லை. அந்த இடைவெளியைத் தாண்ட இரண்டாவது மாடு வேண்டும் என்பதைத் திட்டம் பின்னால்தான் கண்டுகொண்டது. வீட்டில் ஒரு கறவை மாடு வைத்திருந்த எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை. மாடு செத்தால் காப்பீட்டுக்குக் காது வில்லையைக் காட்ட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது.

1985-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் புனேயின் பொருளியலாளர் நீலகண்ட ராத் இந்தத் திட்டத்தால் வறுமை அகலுமா என்று நேராகவே கேட்டார். வி.எம்.தாண்டேகருடன் சேர்ந்து 1971-ல் இந்திய வறுமையைக் கணக்கிட்டவர் அவர். எல்லா ஏழைகளையும் சிறு முதலாளிகளாக்க முடியாது, தீவனமும் சந்தையும் இல்லாத இடத்தில் மாட்டைக் கொடுப்பது பலனில்லை, பெரும்பாலோருக்கு வேண்டியது கூலி வேலை என்பது அவர் வாதத்தின் சாரம். எம்.எல்.தாந்த்வாலா போன்றோர் மறுத்து எழுதினார்கள். இருபது ஆண்டு கழித்து வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ராத் பக்கம் நியாயம் இருந்ததைக் காட்டியது. ஆனால் அந்த விவாதம் சுயதொழிலா கூலியா என்ற இருபுறத்திலேயே நின்றுவிட்டது எனக்கு இன்றும் வருத்தம். எந்தப் பெண்ணுக்குச் சுயதொழில், எந்தப் பெண்ணுக்குக் கூலி, எவளுக்கு இரண்டுமின்றி ஓய்வூதியம் என்று ஊரில் போய் உட்கார்ந்து பிரித்தறியும் வேலையைப் பற்றிப் போதிய அளவு எவரும் பேசவில்லை.

பயிற்சிக்கென்று தனித் திட்டம் இருந்தது. டிரைசெம். 1979 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 18 முதல் 35 வயதுவரை உள்ள கிராம இளைஞர்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேர், வட்டாரத்துக்கு 40. உதவித்தொகை உண்டு, கருவிப் பெட்டி உண்டு. தையல், தட்டச்சு, ரேடியோ பழுதுபார்த்தல், மோட்டார் காயில் சுற்றுதல். பயிற்சி முடித்தவர்களில் பெரும் பகுதியினர் கற்ற தொழிலுக்குப் போகவில்லை என்பதை அரசின் சொந்த மதிப்பீடுகளே ஒப்புக்கொண்டன. காரணம் இளைஞர்களின் சோம்பல் இல்லை. ஓர் ஒன்றியத்தில் எத்தனை தையற்காரருக்கு வேலை இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாட்டுக் கடன் வாங்கியவருக்கு மாடு வளர்க்கும் பயிற்சி இல்லை. பயிற்சி பெற்றவருக்குக் கடன் இல்லை. ஒரே கட்டடத்தில் இரண்டு கோப்புகள், இரண்டு மேசைகள்.

இதற்குள் வேறொரு சிந்தனை கலந்தது. 1964-ல் ஹார்வர்டின் உளவியலாளர் டேவிட் மெக்லெல்லண்ட் ஹைதராபாதின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துடன் சேர்ந்து காக்கிநாடாவில் ஒரு பரிசோதனை செய்தார். சிறு வியாபாரிகளுக்குச் சில நாள் முகாம் நடத்தி, சாதிக்க வேண்டும் என்ற வேட்கையை வளர்க்க முடியும், அது அவர்களுடைய முதலீட்டில் தெரியும் என்று காட்டினார். குஜராத் அதைப் பிடித்துக்கொண்டு தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பயிற்சியாக வளர்த்தது. 1983-ல் அகமதாபாதில் அதற்கென்றே தேசிய நிறுவனம் எழுந்தது. வளையம் எறியும் விளையாட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டைகளை அடுக்கும் விளையாட்டு என்று அந்தப் பயிற்சியின் கூறுகள் இன்று மகளிர் குழுப் பயிற்சிகள்வரை வந்திருக்கின்றன. பணமும் கடையும் உள்ள காக்கிநாடா வியாபாரிக்கு அந்தப் பயிற்சி பொருந்தியது; அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, நாற்று நட்டு, மாலையில் விறகு பொறுக்கி, நாலு வயிற்றை நிரப்பும் பெண்ணிடம் ஊக்கம் குறைவு என்று எண்ணுவது அநியாயம். அவளிடம் குறைவது ஒரு மழை தப்பினால் தாங்கும் கையிருப்பு. அதை எந்த விளையாட்டும் தராது.

கர்நாடகத்தின் உஜிரே வேறு வழி காட்டியது. தர்மஸ்தலாவுக்கு அருகில் உள்ள அந்த ஊரில் 1982-ல் தர்மஸ்தலாவின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டேயின் முயற்சியில் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையுடன் சேர்ந்து ருட்செட்டி பயிற்சி நிறுவனத்தை நிறுவின. தங்கிப் படிக்கும் குறுகிய, இலவசப் பயிற்சி. அதன் பிறகு இரண்டு ஆண்டு தொடர்ந்து விசாரிப்பது. இன்று மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களுக்கு அதுதான் முன்மாதிரி. அங்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போன இளைஞர்கள். அடிமட்டத்து விதவை அங்கு வந்து தங்க முடியாது. பிள்ளையை யார் பார்ப்பார்?

தேர்வு முறையின் விநோதம் 2002-ல் உச்சத்தைத் தொட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களைக் கண்டறிய 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. குறைவாக எடுத்தவர் ஏழை. ஆளுக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது என்று ஒரு கேள்வி. கடைசிக் கேள்வி, உனக்கு எந்த உதவி வேண்டும் என்பது. கூலி வேலை வேண்டும் என்றால் 0. சுயதொழில் என்றால் 1. பயிற்சி வேண்டும் என்றால் 2. ஒருத்தி ஒரு தொழில் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதைச் சொன்னால், அந்த ஆசையே அவளை ஏழ்மையிலிருந்து இரண்டு புள்ளி தள்ளி நிறுத்தியது. எத்தனை வீடுகள் இந்தப் பதிலால் விட்டுப்போயின என்று எண்ணும்போது மனம் கொதிக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் மாற்றாக ஒன்று தருமபுரியில் முளைத்திருந்தது. 1989-ல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அங்கு மகளிர் குழுக்கள் தொடங்கி, பின் சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்து, 1997-க்குப் பின் மகளிர் திட்டமாக மாநிலம் முழுதும் பரவின. இங்கே தேர்வு செய்தது பெண்களே. யாரோடு சேர்ந்தால் பணம் பத்திரமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊக்குநர், பிரதிநிதி என்று தங்களிலிருந்தே பொறுப்பாளர்களை வைத்துக்கொண்டார்கள். கணக்கு நோட்டு எழுதக் கற்றார்கள். வங்கி வாசலை மிதித்தார்கள். இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தாங்களே சேர்ந்துகொள்ளும் குழுவில், வாரச் சந்தா கட்ட முடியாதவளுக்கு இடம் இல்லை. பிச்சையெடுப்பவள், மாற்றுத் திறனாளி, ஊர் ஒதுக்கிய குடி, ஆண் துணையில்லாத கிழவி ஆகியோர் வெளியே நின்றார்கள். 2005-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம் மக்கள் நிலை ஆய்வு என்ற பெயரில் ஊரையே கூட்டி, தரையில் வரைபடம் போட்டு, வீடு வீடாகப் பேசி, மிக ஏழை, ஏழை என்று பிரித்தது இந்த விட்டுப்போன கூட்டத்துக்காகத்தான். பட்டியலை ஊர்ப் பொதுவில் படித்து ஒப்புதல் வாங்கினார்கள். சாதியும் செல்வாக்கும் அங்கும் வாய் திறந்தன. ஆனாலும் பூட்டிய அறையில் நிரப்பிய படிவத்தைவிட, பத்துப் பேர் மறுத்துப் பேசக் கூடிய இடத்தில் போட்ட பட்டியலை நான் நம்புவேன்.

இலங்கையில் அதிபர் பிரேமதாசாவின் ஜனசவிய திட்டம் 1989-ல் இன்னொரு துணிச்சலான வழியில் போனது. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய், 24 மாதங்களுக்கு. அதில் 1,458 ரூபாய் சாப்பாட்டுக்கு. 1,042 ரூபாய் சேமிப்பில் தங்கி, முடிவில் 25,000 ரூபாய் தொழில் முதலாகும். வயிற்றுக்கும் முதலுக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுத்த அந்தக் கணக்கு நல்ல கணக்கு. செலவைத் தாங்க முடியாமல் அரசு அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக் கொடுத்தது. 1995-ல் அதன் இடத்துக்குச் சமுர்த்தி திட்டம் வந்தது.

யாருக்கு, எப்படிக் கற்பிப்பது என்ற இரு கேள்விகளையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தவர்கள் வங்கதேசத்தில் இருந்தார்கள். 1985-ல் பிராக் அமைப்பு, உலக உணவுத் திட்டம் தந்த கோதுமை அட்டையை வைத்திருந்த ஏழைப் பெண்களிடம் போனது. கோதுமை இரண்டு ஆண்டு வரும். அதற்குள் கோழி வளர்ப்பில் காலூன்ற முடியுமா? ஊருக்கு ஒரு பெண் தடுப்பூசி போடக் கற்றாள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஊர்க் கோழிகள் மொத்தமாகச் சாகும் நாட்டில் முதலில் அதைச் சமாளித்தார்கள். ஒருத்தி குஞ்சு வளர்த்தாள், ஒருத்தி தீவனம் விற்றாள், மற்றவர்கள் முட்டைக் கோழி வைத்தார்கள். புதுப்பாளையத்தில் பஞ்சும் நூலும் போன வழிபோல இங்கே தடுப்பூசியும் தீவனமும் போகும் வழியைத் திட்டமே அமைத்தது. ஆயிரமாயிரம் பேர் மேலேறினார்கள். ஏற முடியாதவர்களும் இருந்தார்கள், கடன் கொடுத்தால் பயந்து ஒதுங்குபவர்கள். அவர்களை விட்டுவிட பிராக்கின் நிறுவனர் ஃபசல் ஹசன் அபேதுக்கு மனம் வரவில்லை.

2002-ல் ரங்பூர், குரிகிராம், நில்பாமாரி மாவட்டங்களில் பிராக் புதிய முறையைத் தொடங்கியது. ஆண்டுதோறும் அறுவடைக்கு முன் வேலையற்றுப் பசி பரவும் வடக்குப் பகுதி அது. ஊரார் தரையில் வரைந்து வீடுகளை வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசையைக் கண்ணை மூடி ஏற்காமல் பணியாளர் ஒவ்வொரு குடிசைக்கும் போய்ப் பார்ப்பார். பத்து சென்டுக்கும் குறைந்த நிலம், உழைக்கும் ஆண் இல்லாமை, பள்ளி போக வேண்டிய பிள்ளை கூலிக்குப் போவது, வீட்டுவேலையோ பிச்சையோ பிழைப்பாக இருப்பது, வருமானம் தரும் பொருள் எதுவும் இல்லாமை ஆகிய ஐந்தில் மூன்று இருக்க வேண்டும். வேறு கடன் குழுவில் இருப்பவர் கூடாது. உழைக்கத் தக்க பெண் ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும். கடன் இல்லை, மாடோ ஆடோ இனாமாகத்தான் வரும். சில நாள் வகுப்பு. அதற்குப் பிறகுதான் பயிற்சியின் உண்மையான பகுதி: இரண்டு ஆண்டுகள், பணியாளர் வாராவாரம் வீட்டுக்கு வருவார். மாட்டின் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார், சாணத்தைப் பார்ப்பார், சேமிப்பு எவ்வளவு என்று கேட்பார், அவள் கையெழுத்துப் போடக் கற்றாளா என்று பார்ப்பார். மாடு பால் கொடுக்கும்வரை அவள் வீட்டுவேலைக்குப் போகாமல் இருக்க சிறு உதவித்தொகை. மாட்டை யாரும் பிடுங்கிவிடாமல் இருக்க, ஊர்ப் பெரியவர்களைக் கொண்டே ஒரு குழு. நம் மாட்டு லோனில் எந்தெந்த இடத்தில் பெண் விழுந்தாளோ அந்தந்த இடத்தில் எல்லாம் ஒரு கை இருந்தது.

இந்த முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் பெரும்பாலான இடங்களில் வருமானமும் உணவும் கூடியிருந்தன. மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற அமைப்பு நடத்திய பகுதியில் பத்தாண்டு கழித்தும் பலன் நின்றது. என்னை அதிகம் யோசிக்க வைப்பவை தவறிப்போன இடங்கள். ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்தன. குடும்பங்களுக்கு லாபம் இல்லை. அங்கே பெண்கள் தேர்வில் தோற்கவில்லை, கோழி தோற்றது. மேற்கு வங்கத்தில் தேர்வான பெண்களில் கணிசமானோர் வேண்டாம் என்று மறுத்தார்கள். இலவசமாக மாடு தருகிறேன் என்று வருகிறவர் மீது அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. மேதக் மாவட்டத்தில், அன்றைய ஆந்திரத்தில், இதே திட்டம் நிகரப் பலன் எதையும் காட்டவில்லை. ஏனென்றால் அந்த ஆண்டுகளில் கூலி உயர்ந்துகொண்டிருந்தது. மாட்டைப் பார்க்க நின்றவளுக்குக் கூலி போயிற்று. கூலிக்குப் போனவள் மாட்டை விற்றாள். அவள் செய்தது சரியான கணக்கு. அவளை முயற்சியற்றவள் என்று எந்த அறிக்கையாவது எழுதினால் அந்த அறிக்கைதான் கணக்கு அறியாதது.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் படகுகள் குவிந்ததைக் கண்டவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தொண்டு நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைப் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தன. கடலில் மீன் கூடவில்லை. கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்ற பெண்களுக்குக் கடைசியில்தான் ஏதாவது கிடைத்தது. படகு கண்ணுக்குத் தெரியும், கூடை தெரியாது.

இப்போது மீண்டும் பட்டியல்கள் எழுதப்படும் காலம். கேரளம் வார்டு வார்டாகத் தேடி 64,006 குடும்பங்களை அதிதீவிர வறுமையில் இருப்பவர்களாகக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் எழுதியது. அவற்றில் எல்லோருக்கும் தொழில் எழுதவில்லை. சிலருக்குச் சோறு, சிலருக்கு மருந்து, சிலருக்கு வீடு. இதுதான் சரி. படுக்கையில் கிடப்பவருக்கு ஆடு கொடுப்பது உதவியல்ல, சுமை. பிகாரில் 2018-ல் தொடங்கிய சதத் ஜீவிகோபார்ஜன் திட்டம், மதுவிலக்கால் கள்ளும் சாராயமும் விற்ற பிழைப்பை இழந்த குடும்பங்களை முதலில் தேடிப் போனது. தமிழ்நாட்டில் 2011-ல் 7 லட்சம் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகளும் 60,000 குடும்பங்களுக்குக் கறவை மாடும் என்று பெரிய திட்டம் வந்தது. 2024 நிதிநிலை அறிக்கையில் மிக ஏழ்மையில் உள்ள 5 லட்சம் குடும்பங்களைத் தேடிப்போகும் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த 5 லட்சத்தை மாவட்டங்களுக்குப் பங்கு போட்டு எண்ணாக அனுப்பாமல், ஊரில் கேட்டு எழுத வேண்டும். தேர்வானவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, அவள் சொல்லும் தொழிலில் ஊரில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், தீவனம் எங்கே, மருத்துவர் எத்தனை கிலோமீட்டர், மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று அந்தத் தொழிலைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்பவள் ஏன் சொல்கிறாள் என்பதையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். மறுத்தவளின் காரணத்துக்கு நம் படிவங்கள் எதிலும் இதுவரை கட்டம் இல்லை.

இரண்டு ஆண்டு, வாராவாரம் போய் விசாரிக்கும் ஆள் யார் என்பது அடுத்த கேள்வி. ஒன்றியத்தில் அந்த வேலைக்கென்று தனியாக யாரும் இல்லை. மகளிர் குழுக்களில் தாமே மேலேறி வந்த பெண்கள் இருக்கிறார்கள். ஆந்திரத்திலும் கேரளத்திலும் அப்படிப்பட்டவர்கள் ஊர் ஊராகப் போய்க் கற்பித்திருக்கிறார்கள். தன் மாடு பால் மறந்த மாதங்களை எப்படித் தாண்டினாள் என்று அனுபவத்தில் சொல்ல அவளால் முடியும். அவளுக்கு மதிப்பூதியம் என்று சிறு தொகை கொடுத்து, பயணப்படியை ஆறு மாதம் இழுத்தடிக்கும் வழக்கம் இருக்கிறது. அவளுடைய சம்பளம் நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் எழுதப்படுவதால், நிதி குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். மாட்டின் விலை எழுதும் அதே வரியில், அதே தலைப்பில் அதையும் எழுத வேண்டும். மாடு 100 என்றால் அவளும் அந்த 100-க்கு ஏற்ற எண்ணிக்கையில் நியமிக்கப்பட வேண்டும். அவள் நியமிக்கப்படாத ஒன்றியத்துக்கு அந்த ஆண்டு மாடு அனுப்பக் கூடாது.